பின்னால் யாரும் உட்காராத வண்டி

சிங்கப்பூர் வீட்டில், இரவு வேலை முடித்துக் கணவன் சாதிக் தூங்கிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்பிய ஃபஸீலா சீட்டெழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"மச்சான், மீன் ஆணம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மோட்டர்சைக்கிளப் பாக்க ஜூரோங்லேருந்து சாயங்காலம் ஒருத்தர் வர்றாரு. சாவி பிஸ்கட் டின்ல.

நீங்க ஆன்லைன்ல போட்ட விளம்பரத்த என் தங்கச்சி அனுப்பி வச்சா. 'பழங்கால வண்டி, என் கையால மாத்திக் கட்டுனது, பின்னால யாரும் உக்காந்ததே இல்ல.' அப்படிப் போட்டாத்தான் விலை ஏறுமாம்லா! அப்ப இத்தன வருஷமா உங்க இடுப்பப் புடிச்சிக்கிட்டுத் தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தது யாரு, பேயா? எனக்கு முதுகு வலிக்குதுன்னு நீங்களே இரும்ப வளைச்சு மாட்டுன சாய்மானத்தக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளியிருக்கீங்க. வண்டிய வித்துக்கோங்க, நான் ஒரு வார்த்தை தடுக்கல. என்னை ஏன் இறக்கி விட்டீங்க?"

செருப்பை மாட்டும்போது மேசையில் கிடந்த சாதிக்கின் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். பிறகு சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"வாங்க வர்றவருதான் பேசுனாரு. அவரு சம்சாரத்துக்கும் முதுகு வலியாம். பின்னால சாய்மானம் இருந்தா சொன்ன விலைக்கே எடுத்துக்கிறாராம். கட்டிலுக்கு அடியில தேடாதீங்க, அது இப்ப என் பையில இருக்கு. விக்கிறதுக்கு இல்ல."