வெறும் பக்கத்துக்கு ஒரு ‘வெரி குட்’

14 ஆகஸ்ட் 1998, வெள்ளி

என்னிடம் ஆராய்ச்சி செய்யும் மாலதி, தன் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னாள். புனே பக்கம் தேஹு ரோடு பெண். அப்பா அங்கே ராணுவ டெப்போவில் கிளார்க். தீசிஸில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம். அது தெரிந்தேதான் கேட்டாள்.

“கைடு பெயர்தான் முதலில் வரும். இங்கே அதுதான் வழக்கம்” என்றேன்.

“தெரியும் சார். ஆனா உங்ககிட்ட படிக்கக் கொடுத்த காப்பியில மூணாவது டேபிள் பிரிண்டே ஆகலை. அந்த வெறும் பக்கத்துல நீங்க ‘வெரி குட்’னு எழுதியிருக்கீங்க.”

நீட்டினாள். என் கையெழுத்துதான். கத்தித் தீர்த்தேன்.

“திட்டுங்க சார். ஆனா பேரை எடுத்துடுங்க.” இடத்தை விட்டு நகரவில்லை.

என் உழைப்பில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட என் கைடை இருபது வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். இனியும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு நாளும் அவர் எதிரே நின்று கேட்டதில்லை. இவள் நின்றாள்.

கட்டுரையில் என் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அதே வேகத்தில் அவள் தீசிஸில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

“அதையாவது படிச்சிட்டுப் போடுங்க சார்” என்றாள்.

இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. இப்போது பதினெட்டில் இருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், ராட்சசி.