ஆர்டிஸ் வீட்டு வில்லங்கம்

செப்டம்பர் 9
லைல் இன்றும் போனை எடுக்கவில்லை. எங்கள் ஊர் ஆர்டிஸ் என்ற வயதான அம்மாவின் வீட்டு மராமத்தை மொத்தமாக ஒப்புக்கொண்டவன் அவன். உள்சுவர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டவனும் அவன்தான். அந்த அம்மா அவனிடம் முழுப் பணத்தையும் கொடுத்தாகிவிட்டது. எனக்கு ஒரு காசு வரவில்லை. என் ஆட்களுக்குக் கூலி கொடுக்க டிரக்கை அடகு வைத்திருக்கிறேன். இவன் வேறு என் தங்கை டெனீஸின் புருஷன்!

செப்டம்பர் 12
லைல் வீட்டுக்கு நேரிலேயே போனேன். வாசலில் புதுப் படகு. "குடும்பத்துக்குள்ள என்ன அவசரம், மர்லிஸ்? அடுத்த வேலைல தந்துர்றேன்" என்றான். டெனீஸ் காபி ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 16
வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, லைல் மேல் வழக்கு. இன்னொன்று, ஆர்டிஸ் வீட்டின் மேல் வில்லங்கம் பதிவது. என் பாக்கி தீரும்வரை வீட்டை விற்க முடியாது.

"அவங்கதான் குடுத்துட்டாங்களே?"

"குடுத்தா என்ன? வேலை ஆரம்பிச்சப்பவே, பணம் வரலைன்னா வீட்டு மேல பதிவேன்னு அவங்களுக்கு முறையா அறிவிப்பு அனுப்பியிருக்கீங்க. அதைப் படிச்சும் அவன்கிட்டயே குடுத்தாங்கன்னா அது அவங்க பாடு."

ஆர்டிஸ் படித்தார்தான். மே மாதம் அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். "உனக்கு நேராவே பணம் தரலாம்னு போட்டிருக்கே, என்ன செய்யட்டும்?" எனக்கு ஒரே வெட்கம். எங்கள் ஊரில் அந்த அறிவிப்பை அனுப்புவதே பக்கத்து வீட்டுக்காரரை நம்பவில்லை என்று சொல்வது மாதிரி. அனுப்பிவிட்டு எல்லோரும் மன்னிப்புக் கேட்போம். "ஐயோ, அது சும்மா சட்டத்துக்காகம்மா. தூக்கிப் போடுங்க. லைல் எங்க வீட்டு ஆளு, அவன்கிட்டயே குடுங்க" என்றேன்.

இதை வக்கீலிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 17
பதிந்துவிட்டேன். தங்கை புருஷனைக் கோர்ட்டுக்கு இழுக்க மனசு வரவில்லை. ஆர்டிஸ் வீட்டை இழுக்க மட்டும் எப்படி வந்தது?

செப்டம்பர் 30
ஆர்டிஸ் போன் செய்தார். வீட்டை விற்றுவிட்டு டுலூத் நகரத்தில், கணவர் இருக்கும் முதியோர் காப்பகத்துக்குப் பக்கத்தில் குடிபோக ஏற்பாடாம். வில்லங்கத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள்.

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா மர்லிஸ்?"

"வக்கீல்கிட்ட பேசுங்க" என்று வைத்துவிட்டேன். ச்சீ. நானா இப்படி?

அக்டோபர் 4
கடையில் ஆர்டிஸைப் பார்த்தேன். அவர் போகும்வரை பூனைத் தீனி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஐம்பது தாண்டிய பொம்பளை.

அக்டோபர் 7
வில்லங்கத்தை நீக்கிவிட்டேன். லைல் மேல் வழக்குப் போட்டேன். "இனிமே அந்த வீட்டு மேல கை வைக்க முடியாது, மறுபடி பதியற கெடு முடியப்போகுது" என்றார் வக்கீல். தெரியும்.

டெனீஸ் கத்தினாள். "யாரோ ஒரு கிழவிக்காக என் வீட்டுக்காரரைச் சந்தி சிரிக்க வைக்கிறியே, நீயெல்லாம் அக்காவா?"

அக்டோபர் 8
ஆர்டிஸ் வீட்டுக்குப் போய், மே மாதம் நான் சொன்னதுதான் தப்பு என்றேன்.

"தெரியுமே. 'அவ அப்படிச் சொன்னான்னு எழுதிக் குடுங்க, அவ கேஸ் நிக்காது'ன்னு என் வக்கீலும் சொன்னார்."

"ஏம்மா குடுக்கல?"

"சின்ன ஊரு. அப்புறம் உன்னை யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

விற்பனை கைநழுவிப் போனாலும் போகட்டும் என்று என் பெயரைக் காத்திருக்கிறார். நானோ—

அக்டோபர் 29
வீடு விற்றது. தயங்கிய அதே ஆட்கள்தான் வாங்கினார்கள், விலையைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். குறைந்தது என்னால்தான்.

நவம்பர், நன்றித் திருநாள்
டெனீஸ் விருந்துக்குக் கூப்பிடவில்லை. ஆர்டிஸ் கூப்பிட்டார். வரவில்லை என்றேன், விடவில்லை. டுலூத்துக்குப் போனேன்.

காப்பகத்திலிருந்து கணவரை ஒரு நாளைக்கு அழைத்து வந்திருந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"நம்ம வீட்டுச் சுவரெல்லாம் வச்சுக் குடுத்த பொண்ணு. நல்ல வேலைக்காரி" என்றார் ஆர்டிஸ், என் தட்டில் வான்கோழியை வைத்துக்கொண்டே. வில்லங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.