இரண்டு மூடிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் எழுந்ததும் வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில், டயர்க் காற்றைக் காட்ட அவர் மாட்டிய சின்னப் பெட்டி இருக்கிறது. வண்டி நின்றால் அதற்கு எண் வராது. ஓரடி முன்னே, ஓரடி பின்னே தள்ளினால்தான் வரும். சக்கரம் உருண்டால் முழித்துக்கொள்ளும் என்பார் அவர்.

பின்னால் 29. நான் பின்சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பேன். அதன் மேல்தான் எனக்கு இடம் இருந்தது.

அவர் இருந்தபோது 33 வைத்திருப்பார், இரண்டு பேர் பாரத்துக்கு. இப்போது மகள் ஒருத்திதான் ஓட்டுகிறாள். ஒரு ஆளுக்கு 29 போதும் என்கிறாள். நான் பஸ்ஸில் போகிறேன்.

"ஏம்மா, பொறந்த குழந்தையா இது? தெனம் எடை பாக்குற?" என்றாள், ஷூ மாட்டிக்கொண்டே. லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை அவளுக்கு. வண்டி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சலவைக்கூடத்தில் இன்று ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலை மாதிரி. தோள் விட்டுப்போகிறது. வந்து அப்படியே தரையில் படுத்துவிட்டேன்.

அவள் திரும்பியபோது பெட்டியில் 32. முதல் தடவை இதைப் பார்த்தபோது பயந்து போனேன். ஓடினால் டயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், அவ்வளவுதான். காலையில் ஆறியபின் பார்ப்பதுதான் கணக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. 28. குளிருக்கு இறங்கும் என்று அவர் சொன்னதுதான். அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வண்டியைக் கழுவினேன். அவருடைய பழைய பனியனால் துடைத்தேன். கிழிக்க மனசு வராமல் முழுசாகவே நனைத்தேன்.

டயரில் காற்றடிக்கிற வாயில் கறுப்பு மூடி இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பார்த்தால் வெறும் மூடிதான். ஆனால் உள்ளே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. டயரில் காற்று எவ்வளவு என்று அது அளந்து, கம்பி இல்லாமலே பெட்டிக்குச் சொல்லும். பின்னால் 26க்குக் கீழே போனால் பெட்டி கத்துகிற மாதிரி அவர் வைத்திருக்கிறார்.

இரண்டு மூடியையும் கழற்றி பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். கழற்றும்போதே கத்தியது. இருடா, மாட்டுகிறேன் என்று அதனிடம் சொன்னேன். எத்தனை நாளாயிற்று நான் இப்படி யாரிடமாவது பேசி.

டயருக்கு இரண்டு காவல் வைத்தவர், தன் நெஞ்சு வலித்தபோது வாயு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அங்கே நாற்காலியிலேயே. எந்தப் பெட்டியும் கத்தவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வண்டியை நகர்த்தியதும் கத்தல். சிவப்பு விளக்கு. பின்னால் 25.

நேற்று 29. ஒரே ராத்திரியில் நான்கு எங்கே போகும்? டயர்க்கடையில் காட்டாமல் போகக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். அங்கிருந்தே போன் செய்தாள். "கடைக்காரரு மீட்டர் வச்சுப் பாத்தாரும்மா. 29 இருக்கு, பஞ்சரும் இல்ல. பெட்டிதான் கண்டபடி கத்துது, அதுக்கு வயசாயிடுச்சாம்."

அவர் வாங்கிய பெட்டி பொய் சொல்லுமா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடியும் 25. மறுபடியும் சிவப்பு. அவள் கேட்காமல் போய்விட்டாள். நாள் முழுக்க மடித்த போர்வையையே பிரித்து மடித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், வண்டியை வித்துடலாம் என்று. தட்டைத் தள்ளினாள்.

"வித்துட்டு? ரத்த டப்பாவ தலையில வச்சுட்டுத் தெருத் தெருவா நடக்கவா?"

"வேற வேலை பாரு."

"நீ வண்டிய விக்கலம்மா. என்னப் புடிச்சு வீட்டுக்குள்ள உக்கார வைக்கிற."

ஆமாம், உட்கார வைத்தால் என்ன? இருக்கிற ஒன்றையாவது கண் முன்னால் வைத்துக்கொள்கிறேனே. அதையும் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன்?

ஆகஸ்ட் 14, வியாழன்

மகளுக்கு இன்று வேலை இல்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் லீவு போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே டயர்க்கடைக்குப் போனேன். அவரோடு பழகியவர் டயர்க்கடைக்காரர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். யாராவது வாங்குவார்களா பாருங்கள் என்றேன். விற்பதானால் பின் டயரைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார்.

பின்சக்கரத்து மூடியைத் திருகினார். பெட்டி கத்தியது. சிவந்தது முன்சக்கரம்.

இரண்டு பேரும் பெட்டியையே பார்த்தோம். அப்போதுதான் முதல் தடவையாக முன்னால் என்ன எண் என்று யோசித்தேன். இந்த நாலு நாளும் அங்கே 29 இருந்திருக்கும். நான் பார்க்கவே இல்லை.

"அண்ணி, மூடியக் கழட்டினீங்களா?"

"கழுவினேன்."

"நல்லா கழுவினீங்க போங்க. இடம் மாத்தி மாட்டிருக்கீங்க. முன்னாடி மூடிய எங்க மாட்டினாலும் அது முன்னாடின்னுதான் சொல்லும். முன் டயருக்கு 25 சரியான காத்துதான். அதப் பாத்தா பயந்தீங்க?"

மூடியைக் கையில் கொடுத்தார். உள் விளிம்பில் ஆணியால் கீறிய ஒரு கோடு. மற்றதில் இரண்டு கோடு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அவர் கீறல்தான், கோணலாக இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியவளுக்குக் கண் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையும் வந்தது. டயர்க்கடைக்காரர் ட்யூப் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து, "வண்டி வாங்க ஆள் பாக்கவா?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்பதுதான் கேட்டார். "சிங்கிளா, டபுள்ஸா?"

பின்சீட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முன்னால் 25. பின்னால் 33.

என் ஹெல்மெட்டின் வாரை அவர் என் தாடைக்குச் சரியாக வைத்திருந்தார். இன்னும் அப்படியே பொருந்துகிறது. சலவைக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, "இறுக்கிப் புடிச்சதுல எனக்கு விலா வலிக்குதும்மா" என்றாள்.