ஹயாஷி கொடுத்த பெட்டி

ஏப்ரல் 14, திங்கள்

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். எந்த ஸ்பீக்கர் பெட்டியில் பாடப்போகிறோம் என்று போனே தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி பாட்டைத் திருத்திக்கொடுக்கும் காலம் வரும் என்று சொன்னேன். எந்த வருஷம் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அப்போது எங்கள் ஊர் கிளாத்தெனில் போனே கிடையாது. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் அசந்துபோனார்கள்.

இப்போது அதை ஒரு போன் செயலியாகச் செய்திருப்பவள் என் தம்பி மகள் வெனிங். யோக்யகர்த்தாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாக இதுவே கதி என்று கிடந்தாள். இன்று வந்து காட்டினாள்.

"ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கோணல் உண்டு பெரியப்பா. ஒண்ணு கீச்சுச் சத்தத்தை முழுங்கும், இன்னொண்ணு அதையே பெருசாக் கத்தும். பின்னால ஒட்டியிருக்கற லேபிளைப் போட்டோ எடுத்தாப் போதும். எந்தப் பெட்டின்னு செயலியே கண்டுபிடிச்சுக் கோணலை நேராக்கிடும்."

"லேபிள் இல்லேன்னா?"

"மைக்கை வெச்சு அளக்கணும். அரைமணி நேரம் ஆகும். உங்களுது எது?"

"ஜப்பான்" என்றேன். சர்க்கரை ஆலை எஞ்சினியர் ஹயாஷி ஊருக்குப் போகும்போது கண் கலங்கி, இரண்டு கையாலும் கொடுத்த பெட்டி. லேபிளைப் படம் எடுத்தாள். போன் டிங் என்றது. முடிந்தது வேலை.

ஏப்ரல் 15

லெகி இறகு உதிர்க்க ஆரம்பித்துவிட்டான். என் சோலைபாடிப் பறவை. பாட்டில் மத்திய ஜாவாவில் இவனுக்கு நிகர் இல்லை. கிழக்கு ஜாவாவையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சமயத்தில் கூண்டைத் துணியால் மூடி, வேறொரு பறவையின் குரலை ஓயாமல் காதில் விழவைத்தால், புது இறகோடு புதுப் பாட்டும் வரும். வெனிங்கின் செயலி வழியாக மரங்கொத்தியின் சிரிப்புக் குரலைப் போட்டிருக்கிறேன். காலை நாலு மணி நேரம், மாலை நாலு மணி நேரம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

என் மனைவி சுமியாதி சோயா தெம்பே பொரித்துக்கொண்டே கேட்கிறாள்: "உங்க பெட்டி பாடுதா, தகரத்தைக் கிழிக்குதா?"

ஜப்பான் சத்தம் உனக்கு எங்கே புரியும் என்றேன்.

"அந்த ஜப்பான்காரர் எப்ப வந்தாரு? நானும் இந்த வீட்லதானே இருந்தேன்?"

நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தாய் என்றேன். ஹயாஷி விம்மி விம்மி அழுததை அவள் பார்க்காமல் போனது என் குற்றமா?

மே 9

துணியைத் தூக்கிப் பார்த்தேன். பாடவில்லை. மறுபடி தூக்கினேன். பாடவில்லை.

மே 30, வெள்ளி

உட்கார முடியவில்லை. புது இறகு முளைத்துவிட்டது, வாய் திறக்கமாட்டேன் என்கிறான். ஒன்பது நாள் கழித்துப் பறவைப் பாட்டுப் போட்டி. செயலி போட்டு வளர்த்த முதல் பறவை இவன்தான். ஜூன் பதினைந்தாம் தேதி பறவை வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் நாற்பது பேரும் அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வெனிங்கின் ஒரு வருஷம் என் கூண்டுக்குள் உட்கார்ந்து வெட்டுக்கிளி தின்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

லெகி பாடினான். மார்பை நிமிர்த்தி, வாலை அடித்து, மரங்கொத்திச் சிரிப்பை அப்படியே கொட்டினான். சரி. ஆனால் பாட்டின் ஒவ்வொரு அடுக்கின் கடைசியிலும் — கிர்ர். கிழிந்த தகரம். நடுவர் மதிப்பெண்ணுக்காகத் தூக்கிய கொடியைக் கீழே இறக்கிவிட்டார். பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் சுகிமான், பறவையக் கொண்டாந்தியா, ஓட்டை ரேடியோவக் கொண்டாந்தியா?"

சங்கத் தலைவர் தர்சோனோ வந்தார். "அந்தப் பொண்ணோட செயலிதானே போட்டே? அதுதான் கெடுத்துடுச்சா?"

நான் கிராம்புச் சுருட்டைப் பற்றவைத்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்று ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது அவருக்கு.

ஜூன் 9

சங்கத்து வாட்ஸ்அப்பில் தர்சோனோ: செயலியால் பறவை கெட்டது, யாரும் போட வேண்டாம், மீதி ஞாயிறு கூட்டத்தில்.

வெனிங் போன் செய்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பெரியப்பா. அது அந்தப் பெட்டியோட லேபிள்தானே?"

"பின்னே?"

"சரி. அப்போ தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் முதல்லேருந்து பாக்கறேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12

வெனிங் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாளாம் என்று தம்பி சொன்னான். இல்லாத தப்பை அவள் எங்கே போய்க் கண்டுபிடிப்பாள்? கூண்டுப் பக்கம் போனால் லெகி கிர்ர் என்கிறான். வாசலுக்குப் போனாலும் கேட்கிறது.

ஜூன் 14

நான் பதறவே இல்லை. பெட்டியைத் துடைத்தேன். ஏழு தடவை.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி, லெகியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வெனிங் முன்னால் நின்று, "தப்பு எங்கேன்னு எனக்கு இன்னும் தெரியலை, ஆனா என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

எழுந்தேன். பெட்டியை மேசைமேல் வைத்து, நகத்தால் லேபிளை உரித்தேன். அடியில் ஒன்றுமில்லை. பேர்கூட இல்லை.

"சந்தையில வாங்கினது. லேபிளை ஒட்டினது நான். ஜப்பான் பெட்டி கீச்சுச் சத்தத்தை முழுங்குமாம், அதுக்காகச் செயலி கூட்டிக் கொடுத்திருக்கு. இது ஏற்கெனவே கத்தற பெட்டி. பொண்ணு மேல தப்பில்லை."

நாற்பது பேரும் சிரித்தார்கள். தர்சோனோ மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ அந்த ஹயாஷி?"

"லேபிளை மட்டும் கொடுத்துட்டுப் போனாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெனிங் என்னைப் பார்க்கவே இல்லை. மைக்கை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். கீ, கூ என்று அரைமணி நேரம் சத்தம் போட்டு அளந்தாள். பிறகு மரங்கொத்தியைப் போட்டாள். என் ஓட்டைப் பெட்டிதான். கண்ணாடி போல் வந்தது. மூலையில் துணிக்குள்ளிருந்து லெகி பதில் பாடினான் — கடைசியில் கிர்ர். முதலில் சிரித்தவள் வெனிங்.

தர்சோனோ தன் வீட்டுப் பெட்டியையும் அளந்து தரச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

கிளம்பும்போது வெனிங் கூண்டைத் தூக்கிக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் இறகு உதிரும்போது சரியாயிடுவான். அதுவரைக்கும் கேளுங்க." பிறகு, "லேபிளை மட்டும் ஏன் பெரியப்பா கொடுத்தாரு?"

வண்டி சத்தத்தில் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

லேபிள், முடிவெட்டும் கடையில் உடைந்து கிடந்த பெட்டியிலிருந்து உரித்தது. அவர் அழுததை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். ஹயாஷி என்று யாரும் இல்லை.