வராத புயல்

மார்ச் 4, புதன்

மாடி அறைக்கு வந்து அரை வருடம் ஆகப்போகிறது. இன்றுதான் நாற்காலியின் உயரத்தைக் குறைத்தேன். எனக்கு முன்பிருந்த தலைவர் நெடுநெடுவென்று இருப்பார். இத்தனை நாளும் கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டே படகுத்துறையை நிர்வாகம் செய்திருக்கிறேன்! அடியில் ஒரு பிடி இருக்கிறது, இழுத்தால் இறங்குகிறது. யாரையாவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். தலைமை அதிகாரிக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

ஜன்னலோரம் நின்றால் துறை முழுவதும் தெரியும். சீட்டுக் கொடுக்கும் கூண்டு, வரிசை, அக்கரைக்குப் போகும் படகுகள். இருபது வருடம் நான் சுக்கான் பிடித்த படகு இங்கிருந்து பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது.

மதியம் மாலுமிகள் அறைக்கு இறங்கிப் போனேன். கதவுக்கு வெளியே வரை சிரிப்புச் சத்தம். நான் உள்ளே போனதும் — போச்சு. மீசை என்று நாங்கள் கூப்பிடும் மாலுமி எழுந்து நின்றான். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே படகை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள்.

"யோவ், நீ எதுக்குய்யா எந்திரிக்கிற?"

"நான் எந்திரிக்கலன்னா வேற எவனும் எந்திரிக்க மாட்டான் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். டீயை நின்றபடியே குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் எழுதி வைக்க வேண்டும். காலைப் படகைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதிலிருந்து அக்கரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் துறையிலிருந்து தலைதெறிக்க ஓடுவதில்லை. ஆடி அசைந்து போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று என் அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அறிக்கை சொன்னார்கள். ஒருவர்கூட ஊர்வம்பு சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் திருட்டு முழி முழிப்பதைப் பார்த்தே பழகிய கண்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்? பேப்பரைத் தலைகீழா வேற வெச்சிருக்க."

தலைகீழாக இல்லை. ஆனால் நான் குனிந்து பார்த்துவிட்டேன். அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

சொல்லக்கூடாதவை சேர்ந்துகொண்டே போகின்றன. எந்தப் படகை அடுத்த வருடம் நிறுத்தப் போகிறோம், யாருக்குப் பதவி உயர்வு இல்லை, யாருடைய கண்பார்வை அறிக்கை சரியாக வரவில்லை. இவரிடம் சொன்னால் வெளியே போகாதுதான். ஆனால் அந்தக் கண்பார்வைக்காரரின் மகன் இவருடைய வகுப்பில் படிக்கிறான். இவர் அவனைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். எதற்கு?

ஆக, ஒண்ணுமில்ல.

மார்ச் 26, வியாழன்

காலையிலேயே வானிலை அலுவலகத்திலிருந்து போன். கடலில் ஒரு காற்றுச் சுழல் உருவாகியிருக்கிறதாம். நாளை மதியத்துக்கு மேல் இந்தப் பக்கம் பலத்த காற்று வரலாம், வராமலும் போகலாம். "பாதிக்குப் பாதி மேடம்" என்றார் அதிகாரி, ஏதோ சலுகை தருகிற குரலில்.

கூட்டம் போட்டேன். ஒவ்வொருவரும் பேசிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். மீசை மட்டும் தெளிவாகச் சொன்னான்: "ஓட்டலாம் மேடம். இதைவிடப் பெரிய காத்துல நாம ஓட்டியிருக்கோம்."

உண்மை. ஓட்டியிருக்கிறோம். சுக்கான் என் கையில் இருந்தால் நாளைக்கும் ஓட்டுவேன். படகு சாயும்போது என் உள்ளங்கைக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் நாளைக்கு என் கை மேஜைமேல் இருக்கும். சாய்வது அவனுடைய படகு, அதில் ஏறியிருப்பவர்கள் என்னுடைய அட்டவணையை நம்பி ஏறியவர்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கூட்டத்தை முடித்தேன்.

நிறுத்துவது என்று மாலைக்குள் மனதில் முடிவாகிவிட்டது. ஆனால் அறிவிக்கவில்லை. காலை அறிக்கையில் சுழல் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? எதற்கு ஊரைக் கலவரப்படுத்துவது? காலையில் பார்க்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

காலையிலும் அதே பாதிக்குப் பாதி. பத்து மணிக்கு அறிவித்தேன் — மதியத்தோடு எல்லாப் படகும் நிற்கும்.

மதியம் ஆனது. வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது.

காலையில் அக்கரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் துறையில் குவிந்துவிட்டார்கள். ஒருவர் டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கடலைப் பார்த்துப் போட்டு, "புயல் வந்தா எழுப்புங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

அக்கரை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் போனில் கத்தினார். அங்கே வேலை பார்க்கும் நர்ஸுகள் பாதிப் பேர் இக்கரைக்காரர்கள். "காலைல வந்த பொண்ணுங்க இன்னும் நிக்கிறாங்க. மாத்திவிட ஆள் அங்க உங்க துறைல நிக்குது. கொஞ்சம் எட்டிப் பாருங்க, கடல் தூங்குது!" "நாளைக்குக் காலைல முதல் படகு கிளம்பும் டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

அறையில் உட்கார முடியவில்லை. கீழே போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், "நீங்கதான் நிறுத்தினதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் எங்க தூங்கறது?" கேட்டது நியாயம்தான். காத்திருப்புக் கூடத்தையும் அலுவலகத்தையும் திறந்துவிடச் சொன்னேன். என் அறை சோபாவில் அவளும் குழந்தையும்.

காற்று வரவேயில்லை. ஒரு கொடிகூட அசையவில்லை.

மார்ச் 28, சனி

சுழல் நடுக்கடலிலேயே வேறு பக்கம் போய்விட்டதாம்.

செய்தித்தாளில் கேலிச்சித்திரம் — குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் ஒரு படகு. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் போனில், "அடுத்த தடவை கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றார். எதைப் பார்த்து? எதைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லியிருந்தால் பார்த்திருப்பேன்.

அதெல்லாம் போகட்டும். மாலுமிகள் அறையைத் தாண்டும்போது காதில் விழுந்தது: "மேல ஏறினா தண்ணின்னா பயம் வந்துடும் போலிருக்கு." மீசை குரல். அப்புறம் சிரிப்பு.

எனக்கா தண்ணின்னா பயம்? எனக்கா? அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரமெல்லாம் அவன் முறையையும் சேர்த்து ஓட்டினவ நான். உள்ள போய் நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. செருப்புச் சத்தம் கேக்காம மாடி ஏறி வந்துட்டேன், திருடி மாதிரி. ஏன்? நான் உள்ள போனா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. நிக்கிறவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?

மார்ச் 29, ஞாயிறு

இவரிடம் நிறுத்திய கதையை மட்டும் சொன்னேன். அது ஊருக்கே தெரிந்ததுதானே. முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு யாராவது ஒருத்தர் 'சரி'ன்னு சொல்லணும், அவ்வளவுதானே?" என்றார்.

"ஆமா."

"சரி."

"நீங்க சொன்னாச் செல்லாது."

"இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றது எதுதான் செல்லுது?"

பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய டாக்டர் நேரில் வந்தார். போன் குரலை வைத்து ஆறடி உயரம் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருக்கிறார். அவரும் பெண் என்பது ஏனோ அதுவரை மனதில் பதியவில்லை. கோபம் மட்டும்தான் பதிந்திருந்தது.

"கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்க வரல" என்று ஆரம்பித்தார். "நிறுத்தினது தப்புன்னும் சொல்ல வரல. நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்னு சொல்ல முடியாது. பாதிதான் தெரியும்."

"அந்தப் பாதியைச் சொல்லியிருக்கலாமே! பாதிக்கும் நான் ஏற்பாடு பண்ணுவேன். ராத்திரி நர்ஸுங்களைக் காலைப் படகுலயே வரச் சொல்லியிருப்பேன். முழுசா முடிவு பண்ணாம வாயைத் திறக்கக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன் — உண்மையிலேயே யாரும் சொல்லவில்லை.

அப்புறம் டீ வந்தது. கோபம் ஆறியது, டீயும் ஆறியது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. பதவிக்கு வந்த புதிதில் அவர் தினமும் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாராம். "தேடி வந்த வார்டு பையன் போர்வையை எடுத்தான், உள்ள நான். அவன் போட்ட கத்தல்ல ரெண்டு நோயாளிக்குக் காய்ச்சலே விட்டுடுச்சு." நான் தொங்கும் கால் கதையைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை காலைல நான் கரையோரமா நடப்பேன். கூட யாரும் இல்ல" என்றார். கேட்கவில்லை, சும்மா சொன்னார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நடந்தோம். முதல் பாதி வேலை, மறுபாதி முழங்கால் வலி. நல்ல காலை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மீசையின் படகு மதியம் வந்து நின்றதும் நானே ஏறிப் போனேன். சுக்கான் அறையில் அவன் தனியாக இருந்தான்.

"அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டேன். தண்ணி பயம்."

அவன் முகம் சிறுத்துவிட்டது. துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான், சுத்தமாக இருந்த கண்ணாடியை.

"பயம் தண்ணி மேல இல்லய்யா. நீ இங்க நிக்கிற, நான் அங்க மேல உக்காந்திருக்கேன். ஒண்ணு ஆச்சுன்னா உன் வீட்டுக்குப் போய் நான்தான் கதவைத் தட்டணும். அந்தப் பயம்."

துடைப்பது நின்றது.

"இதைக் கூட்டத்துலயே சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டிருப்பேன்ல?"

"கூட்டத்துல எப்படிச் சொல்றது?"

"ஏன், மேடமானா வாய் போயிடுமா?"

துணியை மடித்து வைத்துவிட்டு அவனே, "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றான். "முன்னெல்லாம் மேலதிகாரியைத் திட்டணும்னா நேரா உன்கிட்டதான் வருவேன். இப்ப உன்னை யார்கிட்டப் போய்த் திட்டறது, சொல்லு? அதான் எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"நேரா என்கிட்டயே வந்து திட்டு" என்றேன். "கதவைச் சாத்திக்கிட்டு" என்றான் அவன். ஒப்பந்தம்.

பழையபடி ஆகிவிடாது. ஆள்முன்னால் அவன் மேடம் என்றுதான் சொல்வான், சொல்லவும் வேண்டும். ஆனால் மனசு லேசாக இருக்கிறது.

மே 12, செவ்வாய்

மறுபடி வானிலை எச்சரிக்கை. காலை ஒன்பதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் சொல்லியாயிற்று: நாளை படகு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். துறையில் பலகையும் வைத்தோம். ஒருவர் படித்துவிட்டு, "இதை என் பொண்டாட்டியே சொல்லிடுவா" என்றாராம்.

கூட்டத்தில், "எனக்குத் தெரியல. நிறுத்தி ஏமாந்தாலும் பரவாயில்ல, ஓட்டி ஏமாறக்கூடாதுன்னு தோணுது. உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, மரியாதை கப்பலேறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். சந்தைக்கடை மாதிரி. இன்ஜின் பார்ப்பவர் முதல்முறையாக எனக்கு எதிராகப் பேசினார், கையெல்லாம் ஆட்டி. என்ன ஒரு நிம்மதி!

முடிவு கடைசியில் என்னுடையதுதான். அது மாறவில்லை. நாளை மதியத்தோடு நிறுத்துகிறோம்.

மே 13, புதன்

காற்று வந்தது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஓட்டியிருந்தாலும் ஓட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை, யாரும் பாராட்டவுமில்லை. பெரிய டாக்டரிடமிருந்து மட்டும் செய்தி: "எல்லாரும் நேரத்துக்கு வந்துட்டாங்க. நான் போர்வைக்குள்ள இல்ல."

ஜூன் 6, சனி

துணைத் தலைவர் பதவிக்கு மீசை பெயரை எழுதி அனுப்பினேன். "என்னை ஏன் மாட்டிவிடறே?" என்று கதவைச் சாத்திக்கொண்டு திட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனான்.

ஜூலை 16, வியாழன்

விடுமுறை எடுத்து இவரோடு வெளியூர் வந்து மூன்றாம் நாள். மலைப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரே இல்லை. இவர் தங்கும் விடுதி முதலாளியோடு சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். மாலை நாலு மணி வாக்கில் போன் அடித்தது. மீசை.

"மூடுபனி. நிறுத்திட்டேன்."

கேட்கவில்லை. சொன்னான். நான் இல்லாதபோது அதுதானே அவன் வேலை. "சரி" என்றேன்.

"எதிர்ல இருக்கற கொடிமரம் தெரியல. ஆனா இப்ப லேசா விலகற மாதிரியும் இருக்கு. கீழ ஜனம் கத்துது. தப்புப் பண்ணிட்டேனா?"

"தெரியலய்யா."

"ஏதாவது சொல்லேன்."

என்ன சொல்வது? அங்கே இருப்பவன் அவன், நான் இல்லை. சரியென்று ஆயிரம் தடவை சொல்லலாம், அவனுக்குச் செல்லாது. போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன். அவனும் வைக்கவில்லை. போனுக்குள் துறையின் சங்கு ஊதியது, தூரத்தில் யாரோ யாரையோ அழைத்தார்கள், அவன் மூச்சு கேட்டது. இவர் காய் நகர்த்துவதை நிறுத்திவிட்டு, யார் என்று புருவத்தால் கேட்டார். மீசை என்று உதட்டை அசைத்தேன். தலையாட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

"வெச்சிடட்டுமாய்யா?" என்றேன்.

"வேணாம். கொஞ்ச நேரம் இரு."

இருந்தேன்.