கோபிகிருஷ்ணனுக்கு முதல் தீர்த்தம் கூடாது

அனுப்புநர்:
கோ. விஷ்ணுவர்தன்,
கணக்குப் பிரிவு, உதிரிபாகத் தொழிற்சாலை,
ஸ்ரீ சிட்டி, திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
அறநிலையத் துறை, திருப்பதி.

பொருள்: வடமாலபேட்டை அருகே எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில், ஏழு வயதுச் சிறுவன் கோபிகிருஷ்ணனுக்கு முதல் தீர்த்தம் தருவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் தெலுங்கில்தான் மனு கொடுப்பது வழக்கம் என்று அறிவேன். இந்த விஷயத்தைத் தமிழில்தான் எனக்கு எழுத வருகிறது. தெலுங்கு மொழிபெயர்ப்பு இணைத்துள்ளேன்.

1. மேற்படி கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பிரபந்தம் சேவிப்பவர்கள் நாங்கள். சேவித்து முடித்ததும் கோஷ்டியில் முதல் தீர்த்தமும் சடாரியும் எங்கள் வீட்டு மூத்தவருக்கு. அவருக்குப் பின் அவர் மகனுக்கு. மகன் இல்லையென்றால் தம்பிக்கு. என் தமையனார் ஸௌரிராஜன் சென்ற புரட்டாசியில் ஆசாரியன் திருவடி அடைந்தார். அன்று முதல் அவர் மகன் என்று சொல்லப்படும் சிறுவன் முன்னால் நிற்கிறான். நாற்பத்து நான்கு வயதான நான் அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவன் உயரத்துக்கு அர்ச்சகர் குனிந்து தீர்த்தம் தருகிறார். ஊரே பார்க்கிறது.

2. அவன் என் தமையனாருக்குப் பிறந்தவன் அல்லன். தமையனாருக்கு நாலாயிரமும் மனப்பாடம். பிள்ளை பெறுவது மட்டும் வரவில்லை. வைத்தியர்களே கைவிரித்துவிட்டார்கள். அவரும் மன்னி அலர்மேலும் திருப்பதியில் தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கச் சித்தூர் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். விந்து வங்கியிலிருந்து, யாரென்றே தெரியாதவர் கொடுத்ததைத்தான் பெற வேண்டும், உறவுக்காரருடையது கூடவே கூடாது, பின்னால் வழக்காகும் என்று அந்த அம்மாள் சொன்னார். இருவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

3. தடுத்தவன் நான். யாரோ ஒருவன், என்ன குலமோ என்ன கோத்திரமோ, அவன் பிள்ளை வந்து எங்கள் தீர்த்தத்தை வாங்குவதா என்று கேட்டேன். எங்கள் கோத்திரத்திலேயே, எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வங்கி எதற்கு என்றும் நான்தான் சொன்னேன். அதிகம் கேள்வி கேட்காத வேறொரு மருத்துவமனையைச் சித்தூரிலேயே தேடிப் பிடித்தோம். விந்து கொடுத்தவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் முறை.

4. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே நோட்டரி முன்னிலையில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். பிறக்கும் குழந்தை மீது எனக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை என்பது அதன் நான்காம் பிரிவு. ஆகவே அவன் எனக்கும் மகன் அல்லன். அவன் படிப்போ சாப்பாடோ என் தலையில் விழ முடியாது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தை எல்லா வகையிலும் ஸௌரிராஜனுடையதே என்று அதே பிரிவில் அடுத்த வரி இருப்பதை மன்னி காட்டக்கூடும். அது வீடு வாசலுக்கு எழுதியது, தீர்த்தத்துக்கு அல்ல. போன மாதம் இதை அவரிடம் பக்குவமாகவே எடுத்துச் சொன்னேன். "அவன் அவர் பிள்ளை. நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேள்? கொழந்தை காதுல மட்டும் இது விழ வேண்டாம், உங்க கால்ல விழறேன்" என்றார். விழவும் செய்தார். காலில் விழுவதால் முறை மாறிவிடாது.

5. கொள்ளி வைத்ததும் அவன்தானே என்று சிலர் கேட்கிறார்கள். வைத்தான். புகை பட்டு "அப்பா, அப்பா" என்று அழுதான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதான், நான் விலக்கிவிட்டேன்.

6. சென்ற ஏகாதசியன்று சடாரி சாதிக்கும்போது அர்ச்சகர், "அப்படியே சித்தப்பாவை உரிச்சு வெச்சிருக்கான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்தார். பையனும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். என் மனைவி நீரஜா இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கேதான் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனியும் பொறுப்பதற்கில்லை.

ஆகவே ஐயா, வரும் புரட்டாசி உற்சவத்துக்குள் முதல் தீர்த்தத்தை எனக்கு மாற்றி உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணையைக் கோயில் மண்டபத்திலேயே, கோஷ்டியார் அனைவர் முன்னிலையிலும், சிறுவனையும் மன்னியையும் நிறுத்தி நடத்த வேண்டும். அவன் பிறப்பு இன்னதென்று அவனுக்கே புரியும்படி தமிழிலும் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாளை மறுபடி வந்து முன்னால் நிற்கமாட்டான்.

விந்து கொடுத்தவர் பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது. பதிலை மேலே கண்ட தொழிற்சாலை முகவரிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம். நீரஜாவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டாள். ஒரு குடும்பத்தின் மானம் தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: திருப்பதி
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கோ. விஷ்ணுவர்தன்