மேற்குப் பக்கத்து வெட்டுகள்

மே 23, 2016, திங்கள்

பட்டை உரிப்பு தொடங்கிவிட்டது. இந்த வருடம் ‘ஏழு’ எழுதிய மரங்கள். 2007-இல் உரித்து, வருடத்தின் கடைசி எண்ணை எழுதிவிட்டு வந்த தக்கை ஓக் மரங்கள்; ஒன்பது வருடத்தில் மறுபடி பட்டை கட்டியிருக்கின்றன. அன்று இவற்றை உரித்தது நானும் கசிமிரோவும். மரத்துக்கு இரண்டு கோடரி. காலை வெயில் என் கண்ணுக்கு ஆகாது, அதனால் அவன் கிழக்கே நிற்பான், நான் மேற்கே, மரத்தின் நிழலில். இருபத்து நாலு வருடமாக இப்படித்தான்.

இன்று மேஸ்திரி ஜோடிகளை வாசித்தார். கசிமிரோவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஸ்பானியன். எனக்கு எங்கள் கூட்டத்துச் சின்னப் பையன் லுஜேரோ.

கசிமிரோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மே 24

டியோலிண்டா சூப் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். “என்னய்யா, பொண்டாட்டி ஓடிப்போனவன் மாதிரி உக்காந்திருக்கே? நான் இங்கதானே இருக்கேன்?”

ரொட்டி சூப்பில் ஊறிக் கூழாகிவிட்டது.

மே 31

லுஜேரோவுக்கு இருப்பது வாயா, கோவில் மணியா? கோடரியை ஓங்கினால் போதும், தொடங்கிவிடுகிறான்.

“அண்ணே! போதும்ணே! பட்டை விடல, முறுக்காதீங்க!”

எனக்கு! முப்பது வருடமாக மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எனக்கு! பட்டை விட்டதா இல்லையா என்று என் கை சொல்லும். இவன் கத்துகிற கத்தலில் சரிவில் மேயும் ஆடுகளெல்லாம் தலை தூக்கிப் பார்க்கின்றன.

ஜூன் 9

சாப்பாட்டு நேரத்தில் கசிமிரோவும் ஸ்பானியனும் ஒரே நிழலில். ஆலிவும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் பங்கு போட்டுத் தின்கிறார்கள். நான் கிட்டப் போய் உட்கார்ந்தேன். குரலை உடனே தாழ்த்திவிட்டார்கள். வாய் மட்டும் அசைகிறது. பிறகு ஸ்பானியன் சிரித்தான்.

என்னைப் பற்றித்தான். வேறு என்ன இருக்கிறது சிரிக்க? நானும் சிரித்து வைத்தேன். வெட்கங்கெட்டவன்.

ஜூன் 13

ஓடைக்கு மேலே இருக்கும் பெரிய மரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத மரம். 2007-இல் அதிலிருந்து இறங்கும்போது நான் சொன்னேன்: “அடுத்த தடவை நமக்கு அம்பது தாண்டியிருக்கும்டா.” அவன் சொன்னான்: “தாண்டினா என்ன, வருவோம்.”

வந்திருக்கிறான்! வேறு ஒருவனோடு.

கோடரிப் பிடியை ஆப்பு மாதிரி நுழைத்து ஸ்பானியன் ஒரு நெம்பு நெம்பினான். ஆள் உயரப் பட்டை ஒரே துண்டாகக் கழன்றது. அடிமரம் பச்சை இறைச்சி நிறத்தில் பளபளத்தது. கசிமிரோ அவன் முதுகில் தட்டினான். என் முதுகில் எப்போது தட்டினான்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.



ஜூன் 14

அவனேதான் கேட்டானாம். ‘அபிலியோவிடமிருந்து என்னை மாற்றிவிடுங்கள்’ என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டானாம். லுஜேரோ உளறிவிட்டான்.

ஜூன் 15

ஏண்டா? நான் என்னடா பண்ணேன் உனக்கு?

ஜூலை 3, ஞாயிறு

பிசுபிசுக்கும் புதர்களை விலக்கிக்கொண்டு போன வருடத்து மரங்களைப் பார்த்து வந்தேன். ‘ஐந்து’ எழுதியவை, நானும் அவனும் உரித்தவை. எதற்குப் போனேன் என்று ஒளிக்க என்ன இருக்கிறது? அவனிடம் ஒரு குற்றம் கிடைக்குமா என்று பார்க்கத்தான்.

கிடைத்தது! கோடரி வெளிப்பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே தாய்ப்பட்டையில் இறங்கினால் அந்த இடம் காய்ந்து கறுத்துவிடும், மறுபடி பட்டை கட்டாது. அப்படிப் பதினோரு மரங்களில் கறுப்புக் காயம். எல்லாமே மேற்குப் பக்கம். பெரிய கோடரிக்காரனாம்! நாளைக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிடப் போகிறேன். ஸ்பானியனும் தெரிந்துகொள்ளட்டும், யாரோடு சேர்ந்திருக்கிறான் என்று.

ஜூலை 4

சொன்னேன்.

மேஸ்திரி என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். “அது எல்லாம் தன்னோட வெட்டுதான்னு அவன் போன வருஷமே வந்து சொல்லிட்டான். நான்தான் நம்பல. மேற்கே நிக்கிறது யாரு, அபிலியோ?”

கிழக்கே அவன். மேற்கே நான்தான்.

“உன்னைக் கோடரியிலேர்ந்தே எடுக்கிறதா இருந்தேன். அவன்தான் விடல. ‘இத்தனை வருஷம் நான் கத்திச் சமாளிச்சேன், இப்போ என் தொண்டை போச்சு. அவன் காதுல விழற மாதிரி கத்த லுஜேரோவாலதான் முடியும், அவனைப் போடுங்க’ன்னு நின்னான். ‘காது கேக்கலன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவான்’னான்.”

கோடரியை முறுக்கும்போது பட்டை விட்டுக்கொடுத்தால் காலிப் பானையைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் வரும். விடாவிட்டால் வறண்ட, சின்னச் சத்தம். அந்தப் பானைச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது எந்த வருடம்? போன வருடமா? அதற்கு முந்தியா?

அப்படியானால் அன்றைக்கு நிழலில்... அவர்கள் குரலைத் தாழ்த்தவே இல்லையா?

ஜூலை 5

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 7

இடைவேளையில் கசிமிரோவிடம் போனேன். அவன் ஏதோ சொன்னான். வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையாட்டிவிடுவேன்.

“கேக்கலடா,” என்றேன். “சத்தமாச் சொல்லு.”

என்னையே பார்த்தான். பிறகு என் காதைப் பிடித்து இழுத்து, வாயை ஒட்டி வைத்து, தொண்டையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் கொண்டு கத்தினான்: “அதைத்தாண்டா இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கேன், கழுதே!”

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி மேஸ்திரியிடம் கோள் சொன்னேன் என்றேன். தெரியும் என்றான். அதற்குச் சத்தம் தேவைப்படவில்லை, உதட்டிலேயே தெரிந்தது.

ஜூலை 20

காதுக்கு வழி பிறக்கும்வரை கோடரியைத் தொடுவதில்லை என்று நானே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைப் பெயின்ட் வாளியோடு எல்லோருக்கும் பின்னால் போகிறேன். இன்று நூற்று முப்பது மரங்களில் ‘ஆறு’ எழுதினேன். கசிமிரோவும் ஸ்பானியனும் உரித்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு காயம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எவோரா நகரத்தில் காது டாக்டர். கசிமிரோ தன் காரில் கூட்டிப் போகிறான். ஸ்பானியனும் வருகிறானாம், ஏதோ டயர் வாங்கவேண்டுமாம். வரட்டும். முன் சீட் எனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.